'தலைவலி' என்று எழுதும் பிள்ளைகள்

தமிழ்நாட்டில் 'கவுன்சிலிங்' என்ற சொல் ஒரு பிள்ளையின் காதில் முதலில் விழுவது பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த கையோடுதான். கட்-ஆஃப் எவ்வளவு, எந்த ரவுண்டில் வரும், இ.சி.இ. கிடைக்குமா, சிவிலோடு நிற்க வேண்டியதுதானா என்று வீடே ஒரு மாதம் அந்தச் சொல்லைச் சுற்றி வரும். அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் அப்பாவும் பிள்ளையும் சான்றிதழ்ப் பையோடு உட்கார்ந்து பெரிய திரையை அண்ணாந்து பார்த்த காலம் 2018-இல் முடிந்து எல்லாம் இணையவழிக்குப் போய்விட்டது. சொல் மட்டும் போகவில்லை. அதனால் கல்லூரித் தாழ்வாரத்தில் 'கவுன்சிலிங் சென்டர்' என்ற பலகையைப் பார்க்கும் முதலாண்டுப் பிள்ளைக்கு அது சீட்டு சம்பந்தப்பட்ட ஏதோ ஓர் அலுவலகமாகவே தோன்றுகிறது. "நான்தான் சேர்ந்துட்டேனே மேடம், மறுபடி எதுக்குக் கவுன்சிலிங்?" என்று ஒரு பெண் வெகுளியாகக் கேட்டபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

எழுத்துத் தமிழில் 'மனநல ஆலோசனை' என்கிறோம். அதிலும் ஒரு கோணல் இருக்கிறது. ஆலோசனை என்றால் புத்தி சொல்வது. புத்தி சொல்ல நம் வீடுகளில் ஆளுக்குப் பஞ்சமே கிடையாது; பெரியப்பாவில் தொடங்கி எதிர்வீட்டு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வரை வரிசையில் நிற்பார்கள். இலங்கைத் தமிழில் இதற்கு 'உளவளத்துணை' என்று பெயர். தயா சோமசுந்தரம் போன்ற மனநல மருத்துவர்கள் போருக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மண் அது. அந்தச் சொல் அங்கே பத்திரிகையிலும் பேச்சிலும் இயல்பாகப் புழங்குகிறது. துணை என்று சொன்னதும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பது மனக்கண்ணில் தெரிகிறது. மாணவர்கள் அந்த அறைக்கு எதைத் தேடி வருகிறார்கள் என்று கேட்டால், பாதி விடை இந்தச் சொல்லிலேயே இருக்கிறது என்பது என் எண்ணம்.

நான் பாடம் நடத்திய கல்லூரியொன்றில் அந்த அறையின் வாசலில் ஒரு வருகைப் பதிவேடு கிடந்தது. நீளக் கோடு போட்ட சாதாரண நோட்டு. பெயர், துறை, பதிவெண், நேரம். கடைசிக் கட்டத்தில் 'வந்த காரணம்'. சில காலம் மாணவர் நலப் பொறுப்பு என் தலையில் விழுந்ததால் அந்த நோட்டைப் பலமுறை புரட்டியிருக்கிறேன். காரணக் கட்டம் முழுக்கத் தலைவலி, தூக்கமின்மை, வயிற்றுவலி, படபடப்பு, 'படிப்பு சம்பந்தமாக'. ஒருவன் 'சும்மா' என்று எழுதியிருந்தான். 'மனச்சோர்வு' என்றோ 'பயம்' என்றோ யாரும் எழுதவில்லை. அடுத்து வருபவன் படிக்கும் நோட்டில் யார் எழுதுவார்கள்? ஆனால் அதை வெறும் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. நம்மிடையே மனம் பெரும்பாலும் உடம்பின் வழியாகத்தான் பேசுகிறது. நெஞ்சு அடைக்குது, சோறு இறங்கல, உடம்பு கனக்குது என்று சொல்கிற பிள்ளைக்கு உண்மையிலேயே சோறு இறங்குவதில்லை. அந்தக் கட்டத்தில் எழுதியது வாசல் வரைக்கும் வந்த காரணம். உள்ளே போய் அரைமணி நேரம் கழித்து, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் நின்று "இன்னொண்ணு மேடம்…" என்று தொடங்குவார்களே, அது வேறு காரணம்.

ஆக இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பிள்ளையை வருத்துவது எது? வருத்தம் உள்ளவர்களில் சிலரை மட்டும் அந்தக் கதவைத் தட்ட வைப்பது எது? ஆய்வுகளில் பெரும்பாலானவை முதல் கேள்விக்குத்தான் பதில் தருகின்றன.

அந்தப் பதிலும் லேசானதில்லை. அமெரிக்காவில் ரொனால்டு கெஸ்லர் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, வாழ்நாளில் வரும் மனநலக் கோளாறுகளில் பாதி 14 வயதுக்குள்ளும் முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்றது. கல்லூரிக் காலம் அந்த வளையத்துக்குள் அப்படியே பொருந்துகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுக் கல்லூரி மாணவர் ஆய்வு 8 நாடுகளின் 19 கல்லூரிகளில் சுமார் 14,000 முதலாண்டு மாணவர்களிடம் நடந்தது. 2018-இல் வெளியான அதன் முடிவு, 35 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஒரு கோளாறின் அறிகுறிகள் வாழ்நாளில் எப்போதாவது இருந்தன என்கிறது. இந்தியா அந்த எட்டில் இல்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் மாணவர் மனநல மையம் நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் ஆலோசனை அறைகளிலிருந்து தரவுகளைத் திரட்டுகிறது. 2009–10க்கும் 2014–15க்கும் இடையே மாணவர் எண்ணிக்கை 5 விழுக்காடு அளவுக்கே கூடியிருக்க, ஆலோசனைக்கு வந்தவர்கள் 30 முதல் 40 விழுக்காடு வரை கூடினார்கள் என்று அது கணக்குக் காட்டியது. அறைக்கு வருவோரிடம் ஆலோசகர்கள் காணும் தொல்லைகளில் பதற்றம் முதலிடத்தில் இருக்கிறது, மனச்சோர்வு அதற்கடுத்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் ஊர் எம்.பில்., பிஎச்.டி. ஆய்வேடுகளில் பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளையோ, டாஸ்-21 என்ற இருபத்தொரு கேள்வித் தாளையோ வகுப்பில் சுற்றுக்கு விட்டுப் பொறுக்கிய மதிப்பெண்ணைக் கூட்டி, 'இத்தனை விழுக்காட்டினர் மனச்சோர்வு நோயாளிகள்' என்று முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. முதலாவது தாள் கடந்த இரண்டு வாரத்தையும் இரண்டாவது கடந்த ஒரு வாரத்தையும் பற்றித்தான் கேட்கிறது. மாடல் தேர்வு நடக்கும் வாரத்தில் தூக்கம் எப்படி இருந்தது என்று கேட்டால் எந்தப் பிள்ளைதான் நன்றாக இருந்தது என்று சொல்லும்? இத்தாள்கள் சல்லடைகள். சல்லடையில் தங்கியதையெல்லாம் நோய் என்று எழுதுவது ஆய்வாகாது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். அதே பன்னாட்டு ஆய்வில், மனத்தொல்லை வந்தால் கட்டாயம் உதவி தேடுவேன் என்றவர்கள் 24.6 விழுக்காடு மட்டுமே. தேட மாட்டோம் என்றதற்குக் காரணம் கேட்டபோது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்பது முதலிலும், நண்பரிடமோ உறவினரிடமோ பேசிக்கொள்வேன் என்பது அடுத்தும் வந்தது. பணமோ தூரமோ அவ்வளவு பெரிதாக இல்லை. இந்தியாவில் நிம்ஹான்ஸ் 2015–16இல் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதோ ஒரு கோளாறு இருந்ததையும், கோளாறைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காடு வரையிலானோர் சிகிச்சைக்கே போகவில்லை என்பதையும் காட்டியது. வராமல் இருப்பதுதான் இங்கே வழக்கம். அப்படியிருக்க, வந்தவரை வரவைத்தது எது என்றுதான் கேட்கவேண்டியிருக்கிறது.

'நண்பரிடமோ உறவினரிடமோ பேசிக்கொள்வேன்' என்ற அந்த விடையைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைந்தால் ஒரு தடம் தெரிகிறது. உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021–22இல் இந்திய அளவில் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47. முதல் பட்டதாரிச் சலுகை, மருத்துவத்தில் 2020-இல் தொடங்கிய அரசுப் பள்ளி மாணவர்க்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு, 2022-இல் வந்த புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் என்று பல கைகள் தூக்கிவிட்டதில், வகுப்பறையில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானோர் அவரவர் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள். கொண்டாட வேண்டிய செய்தி இது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஒரு விசித்திரமான தனிமையும் கூடவே வருகிறது. அரியர் என்றால் என்ன, இன்டர்னல் மார்க் எப்படிப் போடுகிறார்கள், எச்.ஓ.டி. ஏன் முறைக்கிறார் என்பதை வீட்டில் விளங்கிக்கொள்ள ஆள் இல்லை. விளங்கிக்கொண்டாலும் சொல்ல வாய் வராது. கம்மல் அடகுக்கடையில் இருக்கிறது. அப்பா திருப்பூரில் ஓவர்டைம் பார்க்கிறார். தங்கச்சியின் படிப்பு இவன் வேலைக்குப் போனபிறகுதான்.

விடுதி வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நின்று பார்த்தால் தெரியும். வரிசையாகச் சுவரில் சாய்ந்துகொண்டு போன் பேசுவார்கள். 'சாப்டியா?' 'சாப்ட்டேன்மா.' 'என்ன சாப்பாடு?' 'சப்பாத்தி.' 'நல்லாப் படிக்கிறியா?' 'ம்.' 'உடம்பப் பாத்துக்க.' 'சரிம்மா.' நாற்பது வினாடியில் முடிந்துவிடும் அந்தப் பேச்சில் அன்புக்குக் குறைவே இல்லை. அந்த அன்புதான் வாயை அடைக்கிறது. மூன்று அரியர் விழுந்ததையும், ராத்திரி மூன்று மணிவரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்ததையும் அந்தக் குரலிடம் எப்படிச் சொல்வது? என் கணிப்பில், மாணவரை ஆலோசனை அறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது துன்பத்தின் அளவு மட்டுமில்லை. துன்பத்தைச் சொல்லிக்கொள்ள இருந்த ஒரே காது சொல்ல முடியாத காதாக ஆகிவிடும் நாள் ஒன்று வருகிறது, அன்றைக்குத்தான் புறப்படுகிறார்கள். பதிவேட்டில் வருகை கூடும் மாதங்களைப் பார்த்தாலும் இது பொருந்தியது. தேர்வுக்கு முன்பைவிட முடிவு வந்த பிறகும், செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முந்தைய வாரத்திலும்தான் அந்த நோட்டில் கூட்டம்.

ஆங்கிலம் தனியாகச் சொல்லப்பட வேண்டிய காரணம். தமிழ்வழியில் 500-க்கு மேல் வாங்கி, ஊரில் ஃபிளெக்ஸ் வைக்கப்பட்ட பிள்ளை முதல் செமினாரில் நின்று ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் உட்காரும்போது நடப்பது மொழிச்சிக்கல் மட்டும் கிடையாது. அதுவரை 'நான் நன்றாகப் படிப்பவன்' என்று தன்னைப்பற்றி வைத்திருந்த ஒரே கணக்கு அங்கே அழிந்துபோகிறது. பின்வரிசைக்குப் போவது, வகுப்பைக் கட் அடிப்பது, கேன்டீனில் கிடப்பது எல்லாம் அதற்குப் பிறகு வருவன. அதைச் சோம்பேறித்தனம் என்று நானும் சில ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

காதல் முறிவு என்பது இந்தப் பட்டியலில் எப்போதும் சிரிப்போடு சொல்லப்படும் காரணம். சிரிப்பவர்கள் அதன் மறுபக்கத்தைப் பார்ப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் முறிவோடு நிற்பதில்லை: போட்டோவை என்ன செய்வானோ என்ற பயம், வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம், இறுதியாண்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்ற செய்தி. உதவி தேடி வருவோரில் ஆண்களைவிடப் பெண்கள் கூடுதல் என்பதைப் பல நாட்டு ஆய்வுகளும் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆண் பிள்ளைகள் தமக்காக வருவது குறைவு. "என் ஃப்ரெண்டுக்கு சார்" என்று வருவார்கள். பத்து நிமிடத்தில் அந்த நண்பனுக்குப் பெயர் இல்லை என்பது தெரிந்துவிடும்.

போனும் சமூக ஊடகமும்தான் எல்லாவற்றுக்கும் வேர் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். இரவுத் தூக்கத்தைப் போன் தின்கிறது என்பது சரி. மற்றபடி அந்த வாதத்தில் பேசுபவரின் வயது தெரிகிறது. கடன் செயலியும் ஆன்லைன் ரம்மியும் நிஜமான ஆபத்துகள். அவற்றில் மாட்டியவன் மிகத் தாமதமாகத்தான் வருவான்.

பதிவேட்டில் ஒருநாளும் எழுதப்படாத காரணம் சாதி. உயர் நிறுவனங்களில் 'உன் ரேங்க் என்ன?' என்ற கேள்வி எதற்காகக் கேட்கப்படுகிறது என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். 2016-இல் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவும் 2019-இல் மும்பையில் மருத்துவ மாணவி பாயல் தட்வியும் இறந்தபின், அவர்களுடைய தாய்மார்கள் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. பாகுபாட்டால் தூக்கம் கெட்ட மாணவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து அனுப்பினால், நடந்த தவறை அவருடைய நரம்புமண்டலத்தின் குறையாக மாற்றிவிடுகிறோம். மனநல அறை சில நேரம் நிர்வாகத்துக்கு வசதியாக அமைந்துவிடுவது இப்படித்தான். புகார் நோயாகிவிட்டால் விசாரணை தேவையில்லை.

ஆய்வு மாணவர் நிலை வேறு. 2018-இல் ஈவான்ஸ் குழுவினர் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம் கேட்டு, முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் பொதுமக்களைவிட ஆறு மடங்கு என்று எழுதினார்கள். தாமாக முன்வந்து பதில் தந்தவர்களை வைத்துச் செய்த கணக்கு என்பதால் அந்த ஆறு மடங்கை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் அதே ஆய்வில், நெறியாளரோடு நல்லுறவு இல்லாதவர்களிடம் தொல்லை கூடுதலாக இருந்தது என்ற பகுதியை நம்ப எந்தப் புள்ளிவிவரமும் வேண்டாம். கைடு கையெழுத்துப் போட்டால்தான் உதவித்தொகை. கைடு மனது வைத்தால்தான் சினாப்சிஸ். முப்பது வயதில் ஒருவர் இன்னொருவரின் முகக்குறியைப் பார்த்துக் காலை எழுந்திருக்கும் வாழ்க்கை அது. காய்கறி வாங்கிக் கொடுத்தவர்களையும் கைடு வீட்டுப் பிள்ளையைப் பள்ளியில் விட்டவர்களையும் எனக்குத் தெரியும்.

இன்னொரு வகையினரையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: வந்தவர்கள் இல்லை, அனுப்பப்பட்டவர்கள். 75 விழுக்காடு வருகை இல்லாதவன், வகுப்பில் போன் பிடிபட்டவன், வார்டனோடு சண்டை போட்டவன் எல்லாரையும் 'கவுன்சிலிங் போய்க் கையெழுத்து வாங்கிட்டு வா' என்று அனுப்பும் வழக்கம் பல கல்லூரிகளில் உண்டு. அப்படி அனுப்பப்பட்ட ஒருவனைப் பார்க்கும் மற்ற ஐம்பது பேருக்கு அந்த அறை தண்டனைக்கூடத்தின் கிளையாகப் பதிந்துவிடும். ஏற்கெனவே 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரையே கேலிச்சொல்லாக்கி வைத்திருக்கிற சமூகம் நாம். அங்கே உள்ள, 1794-இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனைக்கு இருநூறு ஆண்டுகளில் நாம் செய்த மரியாதை அது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இருந்தது தமிழ்நாடு. பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்த எண் அது. சட்டமும் நீதிமன்றமும் ஓரளவு நகர்ந்திருக்கின்றன. 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகப் பார்க்காமல் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதச் சொன்னது. தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் 'மனம்' திட்டத்தைத் தொடங்கி மருத்துவக் கல்லூரிகளில் மனநல நல்லாதரவு மன்றங்களை அமைத்தது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறோர் அமர்வு, 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

ஆனால் என் மனதில் நிற்கும் மாற்றம் இவற்றில் எதுவும் இல்லை. 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான 'ஸ்நேகா'வுக்குத் தேர்வு முடிவு வரும் நாட்களில் அழைப்புகள் குவியும். தோற்ற பிள்ளை ஓராண்டு வீட்டில் கிடக்க வேண்டாம், அடுத்த மாதமே மறுபடி எழுதட்டும் என்று அவர்கள் வலியுறுத்தினார்கள்; துணைத்தேர்வு வந்தது. ஒரு விதி மாறியதில் ஒரு பெரும்பயத்தின் காலம் பன்னிரண்டு மாதத்திலிருந்து சில வாரங்களாகச் சுருங்கியது. ஆலோசனை அறைக்கு வருவோரின் காரணங்களை நிர்வாகம் கூர்ந்து படித்தால் இப்படி மாற்றக்கூடிய விதிகள் கல்லூரிகளிலும் நிறையத் தெரியும். அரியர் எழுத ஆறு மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்? உதவித்தொகை ஏன் ஆண்டு முடிந்தபின் வருகிறது? இன்டர்னல் மதிப்பெண் ஏன் ஒருவர் கையில் மட்டும் இருக்கிறது?

அந்த அறையில் யார் உட்காருகிறார் என்பதும் பேசப்பட வேண்டும். நீதிமன்றம் சொன்ன 'தகுதிபெற்ற' என்ற சொல்லை, வகுப்பு குறைவாக உள்ள ஒரு பேராசிரியருக்குக் கூடுதல் பொறுப்பு ஆணை அடித்து நிறைவேற்றிவிட முடியும் என்று நம்புகிற நிர்வாகங்கள் இருக்கின்றன. காலையில் இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் மத்தியானம் போய் யார் மனதைத் திறப்பார்கள்? நான் அந்த இடத்தில் உட்கார்ந்த நாட்களில் என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வேறு துறைப் பிள்ளைகளே. என் துறைப் பிள்ளைகள் வராந்தாவில் வணக்கம் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

பிறகு முறையாகப் படித்த ஒரு ஆலோசகர் வந்தார். முதல் வாரத்திலேயே முதல்வர் அறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கதவோடு இருந்த இடத்தை மாற்றி நூலகத்தின் பின்பக்கம் கேட்டு வாங்கிக்கொண்டார். பதிவேட்டில் 'வந்த காரணம்' என்ற கட்டத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டினார். கூட்டம் கூடியது. ஆனாலும் நாற்காலியில் உட்கார்ந்ததும் அநேகமாக எல்லாப் பிள்ளைகளும் கேட்கும் முதல் கேள்வி மாறவில்லை என்றார் அவர்: "வீட்டுக்குச் சொல்லுவீங்களா மேடம்?"

சொல்லக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, மனநல சிகிச்சை பெறுபவருக்கு ரகசியத்தை உரிமையாகவே தருகிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகளில்தான் விலக்கு. கேட்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பதினெட்டும் முடிந்திருக்கிறது. அவர் அதைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் தலையாட்டுவார்களாம், நம்பாமல். வகுப்புக்கு ஒருமணி நேரம் வராவிட்டாலும் 'தங்கள் மகன் இன்று வரவில்லை' என்று அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் அதே கல்லூரியின் கட்டடத்துக்குள்தானே இந்த நாற்காலியும் கிடக்கிறது.